எரியுது கட்சி, அணைஞ்சது கட்சி

— அப்போ அந்தச் சமையலறை விளக்கு? அதுக்கு என்ன சொல்றே?

— விளக்குக்கு நான் எதுக்குடா பதில் சொல்லணும்? தள்ளி உக்காரு. இஸ்திரி வயரை மிதிச்சுக்கிட்டு இருக்கே.

— பேச்சை மாத்தாதக்கா. போன வார எபிசோடுல கடைசி ஷாட் என்ன? ஆலா நேராப் போய் அந்த அகதிங்க படகுக்கும் பீரங்கிக்கும் நடுவுல நிக்குது. அடி விழுது. அவ்வளவு பெரிய விண்கப்பல், தளம் தளமா விளக்கு அணையுது. எல்லாம் இருட்டானப்புறம் சமையலறையில மட்டும் ஒண்ணே ஒண்ணு எரியுது. அதோட முடிச்சுட்டான். இப்போ எங்க ரசிகர் சங்கம் ரெண்டா கிடக்கு. கப்பல் பிழைக்கும்ங்கிறவன் எரியுது கட்சி. செத்துடும்ங்கிறவன் அணைஞ்சது கட்சி.

— நீ எந்தக் கட்சி?

— தெரியாத மாதிரி கேக்காத. அணைஞ்சது கட்சிக்குத் தலைவனே நான்தான்.

— தலைவன். பகல் பூரா கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிறவன், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டினதும் தலைவன்.

— லென்ஸ் தேய்க்கிறதுல என்ன குறைச்சல்? இந்தா, உனக்குப் புதுக் கண்ணாடி கொண்டாந்திருக்கேன். நானே தேய்ச்சது. பவரைக் கால் பாயிண்ட் ஏத்தியிருக்கேன். ஸ்கிரிப்டை ஒரு முழம் தள்ளிப் பிடிச்சுப் படிக்க வேண்டியிருக்குன்னு நீதானே சொன்னே.

— அந்த மேஜையில வை.

— போட்டுப் பாரேன்.

— எந்த ஸ்கிரிப்டைப் படிக்க?

— பாத்தியா. இதைத்தான் நான் சொல்றேன். படிக்க ஸ்கிரிப்ட் இல்ல. நான் கேக்காமலே உன் வாயிலேர்ந்து வந்துடுச்சு.

— கண்ணாடியை லஞ்சமாக் கொண்டாந்து வாயைக் கிளறுறியா? மூணு வாரமாக் கதவைத் திறக்காம இருந்தது எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா. இன்னைக்குப் போய்த் திறந்தேன் பாரு.

— லாஜிக்கா யோசிப்போம். பாயிண்ட் என்னன்னா, பதினொரு வருஷமா ஆலாவோட குரல் நீதான். கப்பல் பேசணும்னா நீ ஸ்டுடியோவுக்குப் போகணும். போன ரெண்டு எபிசோடா ஆலாவுக்குப் பேச்சு போயிடுச்சுன்னு கதையிலேயே காட்டிட்டான். சரி, கடைசி எபிசோடுலயாவது பேசுதான்னு பாக்கணுமில்ல? உன் காலண்டரைப் பாத்தேன். ரெக்கார்டிங் இருந்தா சிவப்புப் பேனாவுல வட்டம் போடுவே. மூணு மாசம். ஒரு வட்டம் இல்ல. ஒரே ஒரு நாள்ல பென்சிலால ஒரு புள்ளி, அது பல்லு கில்லு பிடுங்கப் போனதா இருக்கும். உன்னைக் கூப்பிடலைன்னா கப்பல் பேசல. பேசலைன்னா கப்பல் இல்ல. முடிஞ்சுது.

— போன மாசம் தண்ணி குடிச்சுட்டு வர்றேன்னு சமையலறைக்குள்ள போனியே, அப்போ பாத்தியா?

— கண்ணுல பட்டுச்சுக்கா.

— போட்டோ எடுத்தியே, அதுவும் கண்ணுல பட்டுச்சா? மறுநாளே 'நம்பத்தகுந்த வட்டாரம்'னு எழுதிட்டே. காய்கறிக்காரர் தராசைப் பிடிச்சுக்கிட்டே கேக்கறார், என்னம்மா, கப்பல் முழுகிடுச்சாமேன்னு. கம்பெனியிலேர்ந்து போன். உங்க வீட்டுலேர்ந்து தகவல் கசியுது மேடம்னு. பதினொரு வருஷத்துல என்னை ஒருத்தர் அப்படிக் கேட்டதில்ல.

— நான் உன் பேரைப் போடலையே.

— ஆலாவோட குரல் இந்த ஊர்ல எத்தனை பேர் தொண்டையில இருக்கு? பேரைப் போடலையாம்.

— சரி, காலண்டரை விடு. அந்த ஜவுளிக்கடை லிஃப்ட்டுக்கு என்ன சொல்றே? 'கதவு மூடுகிறது, தயவுசெய்து விலகி நிற்கவும்.' யார் குரல் அது? மூணாவது மாடிக்குப் போகவேண்டியவன், நாலு தடவை ஏறி இறங்கிக் கேட்டேன். லிஃப்ட்காரர் என்னைத் திருடன்னு நினைச்சுட்டார். மனசு ஆறலக்கா. சூரியனைச் சுத்திட்டு வந்த குரல், இப்போ நாலு மாடி ஏறி இறங்கிக்கிட்டு இருக்கு.

— லிஃப்ட்டுக்கு என்னடா குறைச்சல்? ஒழுங்கா வேலை செய்யுது. அது பிழைக்குமா சாகுமான்னு யாரும் வந்து என் வாசல்ல நிக்கறதில்ல.

— கப்பல்ல வேலை இருந்தா லிஃப்ட்டுக்குப் போவியா? அதான் கேக்கறேன்.

— கேளு. கேட்டுக்கிட்டே இரு. அந்தச் சட்டையை எடு. அது இல்ல, நீலம்.

— மணி நாலு ஆகுது. ஆறு மணிக்கு ஒளிபரப்பு. அஞ்சு மணிக்குள்ள நான் கடைசிக் கணிப்பை எழுதியாகணும். தப்பாப் போச்சுன்னா சங்கத்தை அந்தப் பல் டாக்டர்கிட்ட, எரியுது கட்சிக்காரர்கிட்ட, அப்படியே ஒப்படைச்சுட்டுப் போயிடறேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். நான் ஆரம்பிச்ச சங்கம்க்கா. எட்டுப் பேர்ல ஆரம்பிச்சு இன்னைக்கு நாப்பதாயிரம் பேர்.

— வீராப்பு பேசச் சொன்னது யாரு?

— உன் காலண்டரை நம்பிப் பேசினேன்.

— பேரு பொருத்தமாத்தான் வெச்சிருக்காங்க. அந்த ஆலாவுக்காக இப்படி ஆலாப் பறக்கிறே.

— கிண்டல் பண்ணு. நீ வாயால சொல்லவேண்டாம். வெளிய சொன்னா கேஸ்னு எனக்கும் தெரியும். தலையை மட்டும் ஆட்டு. செத்துடுச்சுன்னா மேல கீழ. பிழைச்சுதுன்னா பக்கவாட்டுல. நீ இஸ்திரி போட்டுக்கிட்டே ஆட்டு, நான் ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருக்கேன்.

— ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருந்தா நான் ஆட்டுறது எப்படிடா தெரியும்?

— கண்ணாடியில நிழல் தெரியும்.

— இதுக்கெல்லாம் மூளை நல்லா வேலை செய்யுது. சொந்த வீட்டுல ஒருத்தர் சாகக் கிடந்தாத்தான் தெரியாது.

— இதோ பாரு, என்னை எல்லாரையும் போல வெறும் ரசிகன்னு நினைச்சுப் பேசாத. உன் குரலை என்னை மாதிரிக் கேட்டவன் எவன்? கூட்டிட்டு வா பாப்போம். பத்து சீசன். ஆலா பேசின ஒவ்வொரு வரியையும் தனியா வெட்டி, பின்னாடி வர்ற இசையை எடுத்து, வெடிச்சத்தத்தை எடுத்து, உன் மூச்சு மட்டும் கேக்கற மாதிரி சுத்தம் பண்ணி வெச்சேன். ஆறாயிரத்து நானூறு வரி. அதையும் குப்பையாக் கொட்டி வைக்கல. கம்ப்யூட்டர்ல பெட்டி பெட்டியாப் பிரிச்சேன். எச்சரிக்கை ஒரு பெட்டி. கிண்டல் ஒரு பெட்டி. ஆறுதல், கோபம், பயம், கேப்டன்கிட்ட மட்டும் காட்டுற செல்லம், அந்தக் கப்பல் டாக்டர் வந்தா வர்ற அலட்சியம். மொத்தம் பதினாலு பெட்டி. வேலைக்குப் போன நேரம் போக ரெண்டு வருஷம் அதுலயே கிடந்தேன். எந்தத் தம்பி பண்ணுவான்?

— என்னை ஒரு வார்த்தை கேட்டியா?

— கேக்கறதுக்கு என்ன இருக்கு? ஆசையாப் பண்ணினேன். ஸ்டுடியோவுல தண்ணி புகுந்து முதல் ஏழு வருஷ ஒரிஜினலே போயிடுச்சு, தெரியுமில்ல? அவங்ககிட்ட இல்லாதது என்கிட்ட இருந்துச்சு. அந்தத் தாடிக்காரர், கம்பெனியில பழசெல்லாம் பாத்துக்கிறவர், வீடு தேடி வந்தார். பத்தாவது வருஷக் கண்காட்சிக்கு வேணும்னார். மொத்தத்தையும் தூக்கிக் குடுத்தேன். ஒண்ணும் வாங்கிக்கல. கேப்டன் நாற்காலியில உக்காரவெச்சு ஒரு போட்டோ எடுத்துக் குடுத்தாங்க, அவ்வளவுதான். அது போதும் எனக்கு.

— உன் வீட்டு ஹால்ல மாட்டியிருக்கியே. அம்மா போட்டோவுக்குப் பக்கத்துல. அதைவிடப் பெருசா.

— வந்துட்டியா. எப்போ அம்மாவை இழுக்கலாம்னு காத்துக்கிட்டே இருப்பே.

— நான் எங்கடா இழுத்தேன்? நீதான் பக்கத்துல மாட்டியிருக்கே.

— எத்தனை வருஷம்க்கா இதைச் சொல்லிக்கிட்டு இருப்பே? ஒன்பதாவது சீசன் முடிவு. வாடகைக்கு மண்டபம் எடுத்து முந்நூறு பேர் உக்காந்திருக்காங்க. எல்லாரும் போனை அணைச்சு வைங்கன்னு மைக்ல சொன்னவனே நான். நான் மட்டும் எப்படி வெச்சுக்கிறது? அன்னைக்கு சாயந்திரம் அம்மாவுக்கு அப்படி ஆகும்னு எவனுக்குத் தெரியும்? காலையில ஆஸ்பத்திரியில என்கூட நல்லாத்தானே பேசினாங்க.

— பதினேழு தடவை கூப்பிட்டேன். மண்டபத்துல உக்காந்து என் குரலைக் கேக்கறதுக்காகப் போனை அணைச்சே. அதே நேரத்துல அந்தப் போன்ல நான்தான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். அம்மா கதவையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நர்ஸ் உள்ள வர்றப்பல்லாம் நீன்னு நினைச்சுக்கிட்டாங்க.

— சொல்லிட்டியா? திருப்தியா? எனக்கு ஈரமே இல்ல, கல்லு. அப்படித்தானே? அன்னைக்கு நீ ஒரு மெசேஜ் பேசி வெச்சே பாரு. நாப்பத்தோரு செகண்ட். அதை நான் இன்னும் அழிக்கல. போன் மாத்தினப்போகூட எடுத்து வெச்சுக்கிட்டேன்.

— என்ன சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்ல.

— எனக்கு இருக்கு. 'ஒரே ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிட்டுப் போயிடுடா'ன்னு சொல்லுவே. அந்த 'ஒரே ஒரு'ங்கிற இடத்துல உனக்கு மூச்சு சிக்கும். 'ஒரே' சொல்லி, நின்னு, ஒரு விக்கல் மாதிரி, அப்புறம்தான் 'ஒரு' வரும். நீ அழுது நான் கேட்டதே இல்லையேக்கா. அப்பா போனப்போகூட நீ அழலையே.

— எத்தனை தடவை கேட்டே அதை?

— எண்ணலை.

— எதுக்குக் கேட்டே?

— எதுக்குன்னா? அம்மா போன நாள். கேக்கத் தோணாதா?

— தோணும். அந்த பிளக்கைப் பிடுங்கு. போதும் இஸ்திரி போட்டது. உன் போனை எடு.

— எதுக்கு?

— எழுதறதுக்குத்தானே வந்தே? எழுதிக்கோ. ஆலா பிழைச்சுடுச்சு.

— என்ன?

— கப்பல் சாகல. அஞ்சு மணி வரைக்கும் காத்திருக்காத. இப்பவே எழுது.

— விளையாடாதக்கா. நான் கலங்கிப் போய் எதையாவது எழுதணும், ஆறு மணிக்கு அசிங்கப்பட்டு நிக்கணும், அதானே உனக்கு வேணும்?

— கடைசி எபிசோடுல ஆலா இருபத்திரெண்டு நிமிஷம் பேசுது. பதினொரு வருஷத்துல அவ்வளவு பேசினதே இல்ல.

— பேசுதா? எப்படிப் பேசும்? நீ ரெக்கார்டிங்குக்கே போகலையே.

— பென்சில்ல ஒரு புள்ளி பாத்தியே, அன்னைக்குப் போனேன். பல்லு பிடுங்க இல்ல. கடைசி எபிசோடுன்னு கூப்பிட்டாங்க. முதல் நாளே பேச்சை நிறுத்தி, காலையிலேர்ந்து வெந்நீரா குடிச்சு, தொண்டையைப் பொத்திப் பொத்திக் கொண்டுபோனேன். மைக் இருக்கிற ரூம் பூட்டிக் கிடந்துச்சு. சோபாவுல உக்காரச் சொன்னாங்க. காபி வந்துச்சு. திரையைப் போட்டாங்க. ஆலா பேச ஆரம்பிச்சுது.

— வேற ஆளைப் போட்டுட்டாங்களா? யாரு அவ?

— யாரும் இல்ல. என் குரல்தான். நான்தான் பேசல.

— எனக்குப் புரியலக்கா.

— எனக்கும் புரியல. இதை எப்போ பேசினோம், மறந்து போச்சே, வயசாயிடுச்சான்னு கொஞ்ச நேரம் என் மேலேயே சந்தேகப்பட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் சொன்னாங்க. மிஷினுக்குக் கத்துக்குடுத்திருக்காங்களாம். வசனத்தை எழுதிப் போட்டா என்னை மாதிரியே பேசுமாம். மூச்சு விடறது, கேப்டனைக் கூப்பிடறப்போ கடைசி எழுத்தை இழுக்கிறது, எல்லாம். கைதட்டினாங்க. நான்கூடத் தட்டினேன், என்ன பண்றதுன்னு தெரியாம.

— இது அநியாயம். கேஸ் போடலாம்க்கா. சங்கத்துல ரெண்டு வக்கீல் இருக்காங்க. நாப்பதாயிரம் பேரும் இன்னைக்கு சாயந்திரம் டிவியை அணைச்சுடுவாங்க, நான் சொன்னா.

— முதல் வருஷம் கையெழுத்து போட்டேனே, அந்தக் காகிதத்துலயே இடம் இருக்காம். யார் படிச்சா அதை அப்போ?

— அதெப்படிக்கா முடியும்? மிஷினுக்குக் கத்துக்குடுக்கணும்னா சுத்தமான குரல் வேணும். ஒளிபரப்பான எபிசோடை அப்படியே போட்டா ஆகாது. இசை, வெடி, மத்தவங்க பேச்சு எல்லாம் கலந்திருக்கும். ஒரிஜினல் பாதி தண்ணியில போச்சு. வரி வரியா வெட்டி வெச்சிருக்கணும். எது கோபம், எது ஆறுதல்னு பிரிச்சு வேற...

— சொல்லு. ஏன் நிறுத்திட்டே?

— கண்காட்சிக்குன்னு சொன்னாருக்கா.

— கண்காட்சிதான். ஆறு மணிக்கு ஊரே பாக்கப் போகுது.

— எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது.

— தாடிக்காரர் என் பக்கத்துலதான் உக்காந்திருந்தார். 'உங்க தம்பிக்குத்தான் நன்றி சொல்லணும் மேடம், எங்க ஆளுங்க பண்ணியிருந்தா மூணு வருஷம் ஆகியிருக்கும்'னார். நான் சந்தோஷப்படுவேன்னு நினைச்சுச் சொன்னார் அந்த மனுஷன்.

— அக்கா.

— தொடாத. அங்கேயே உக்காரு. உன்னைத் திட்டறதுக்காக நான் கதவைத் திறக்கல. வேலை போச்சு, போகட்டும். எனக்கு லிஃப்ட் இருக்கு. அடுத்தது ஏதோ பஸ் நிலையத்துல கேட்டிருக்காங்க. நீ ஆசைப்பட்டுப் பண்ணினதை அவங்க இப்படிப் பயன்படுத்துவாங்கன்னு உனக்குத் தெரிஞ்சிருக்காது. அதை நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். மூணு வாரம் ஆச்சு சொல்லி முடிக்க.

— அப்புறம் ஏன் இன்னைக்குத் திறந்தே?

— உன் வாயால ஒண்ணு கேக்கணும்.

— கேளு.

— கடைசிக் காட்சியைச் சொல்றேன். கேப்டன் அந்தச் சின்னப் படகுல ஏறிக் கிளம்பிடறார். கப்பல் முழுக்க இருட்டு. நீங்க அடிச்சுக்கிறீங்களே, அந்தச் சமையலறை விளக்கு, அது மட்டும் எரியுது. ஆலா அவரைக் கூப்பிடுது. பதில் இல்ல. திரும்பத் திரும்பக் கூப்பிடுது. அப்புறம் அழுது.

— ஆலா அழுதா?

— 'ஒரே ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டுப் போங்க கேப்டன்'னு சொல்லி அழுது. 'ஒரே'ன்னு சொல்லிட்டு நிக்குது. ஒரு விக்கல். அப்புறம்தான் 'ஒரு' வருது. அந்த ரூம்ல இருந்த எல்லாரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. கேப்டன் அதைக் கேட்டுட்டுப் படகைத் திருப்பிக்கிட்டு வந்துடறார். அப்படித்தான் கப்பல் பிழைக்குது. அவர் வந்துடறார்டா.

— அக்கா, வேண்டாம்.

— வீட்டுக்கு வந்து உக்காந்து எண்ணினேன். நீ பிரிச்சே பாரு, அதே மாதிரி நானும் பிரிச்சேன். எச்சரிக்கை, கிண்டல், ஆறுதல், கோபம், எல்லாம். பதினொரு வருஷத்துல ஆலாவை நான் பதிமூணு விதமாத்தான் பேசியிருக்கேன். எத்தனை தடவை எண்ணினாலும் பதிமூணுதான் வருது. நீ பதினாலு பெட்டின்னே. நிமிர்ந்து என்னைப் பாத்துச் சொல்லு. அந்தப் பதினாலாவதுல என்ன இருந்துச்சு?

— கப்பல் ஒரு தடவைகூட அழுததில்லையேக்கா. அந்த நாப்பத்தோரு செகண்டை வைக்கிற வரைக்கும் அந்த ஒரு பெட்டி மட்டும் காலியா இருந்துச்சு.